பாவிப் பூ

என் மனைவி முத்துத்தாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் சங்கரபாண்டியனைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதுவே எனக்கு எரிச்சல். செத்துப் பத்து வருஷமாகிறது, இன்னமும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறான்.

அவன் அவளுடைய முதல் புருஷன். வாசுதேவநல்லூர்க்காரன். ராஜபாளையம் ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். 1942 வைகாசியில் அவளைக் கட்டினான். இருபத்திரண்டு நாள் கழித்துப் பட்டாளத்தில் சேர்ந்தான். அங்கேயும் லாரிதான். இரண்டு வருஷத்தில், இம்பாலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மலைப்பாதையில் ஜப்பான்காரன் குண்டு விழுந்து போய்ச் சேர்ந்தான். தந்தி வந்தபோது முத்துத்தாய்க்குப் பத்தொன்பது வயது. பட்டாளத்திலிருந்து அவன் அனுப்பிய போட்டோ ஒன்று இருந்ததாம். அதை அவன் தாய்க்காரி தலைமாட்டில் வைத்திருந்தாள். மகன் போன துக்கத்தில் அவளும் போனபோது, போட்டோவையும் அவளோடு சேர்த்து எரித்துவிட்டார்கள்.

நான் இசக்கிப்பாண்டி. சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் பியூன். மறு வருஷம் அவள் பட்டாளத்துக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். கைநாட்டு வைப்பாள் என்று கிளார்க் மைப்பெட்டியைத் தள்ளினார். அவள் கையை இழுத்துக்கொண்டு, "எழுதத் தெரியும்" என்றாள். பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி எதுவும் விட்டுப்போகாமல் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அன்றைக்கு விழுந்தவன்தான்.

எங்கள் ஆட்களில் அறுத்துக் கட்டுவதற்குத் தடை கிடையாது. தாலி அறுத்தவளை இன்னொருவன் முறைப்படி கட்டிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 1946-ல் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த கையோடு, ஆவணியில் அவளைக் கட்டினேன்.

அவள் கெட்டிக்காரி. தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். அவள் சுற்றிய நூல் அறுந்தது என்று யாரும் வந்து நின்றதில்லை. சிரித்தால் தெருவுக்கே கேட்கும். கோபம் வந்தால் மட்டும் பேச மாட்டாள். கத்துகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாம், பேசாதவளை என்ன செய்வது? நல்ல வேளை, அந்த மூன்று மாதத்தில் அவளுக்குக் கோபம் வரவில்லை. தினமும் ஆபீஸ் விட்டு வரும்போது தேரடியில் பூக்காரி சங்கரம்மாளிடம் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வருவேன். வாங்கியவுடன் வைத்துக்கொள்வாள். என் பெண்டாட்டி, என் பூ என்று எனக்குத் தலைகால் புரியாது.

அப்படி இருந்தபோதுதான் நவம்பர் வந்தது.

வருஷா வருஷம் நவம்பர் பதினொன்றாம் தேதி, சண்டையில் செத்த சிப்பாய்களை நினைத்துச் சட்டையில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொள்வது வெள்ளைக்காரன் வழக்கம். கலெக்டர் ஆபீஸிலிருந்து பெட்டி வந்துவிடும். முதல் பூ தாசில்தார் கோட்டில். அப்புறம் கிளார்க்குகள், வாத்தியார்கள், மிராசுதார்கள். தாம்பாளத்தில் பூவையும் குண்டூசியையும் வைத்துக்கொண்டு ரத வீதி நான்கையும் சுற்றி விற்பது என் வேலை. அந்தப் பூவுக்குப் பாப்பி என்று பெயர். எங்கள் ஊர் வாயில் விழுந்து அது பாவிப் பூ ஆகிவிட்டது. ஹெட் கிளார்க் கைலாசநாதன் பிள்ளை தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். "பாவி இல்லவே, பாப்பி. கசகசாச் செடியில பூக்குத பூவு அது" என்பார். கசகசாவாவது, பாயசமாவது. ஊர் பாவிப் பூ என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பூவை எல்லாரும் குத்திக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். காங்கிரஸ்காரர்கள் தாம்பாளத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது அடிமைப் பூ என்பார்கள். செத்ததில் பாதிப் பேர் நம் பிள்ளைகள்தானே என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால், யாருக்காகச் செத்தார்கள் என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. பியூனுக்கு எதற்கு அபிப்பிராயம்?

அந்த 1946 நவம்பர் பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு முத்துத்தாய் ஆபீசுக்கு வந்தாள். சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே தாம்பாளத்துக்கு முன்னால் வந்து, காசைப் போட்டுவிட்டு, "பாவிப் பூ ஒண்ணு தாங்க" என்றாள். என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். மாராப்பில் இடது பக்கமாகக் குத்திக்கொண்டு, ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அவள் தலையில் நான் வாங்கிக் கொடுத்த கனகாம்பரம். நெஞ்சில் அந்தப் பூ. தலையில் இருப்பது எனக்கு, நெஞ்சில் இருப்பது அவனுக்கு.

"என்னவே இசக்கி, இன்னைக்கு உம்ம வீட்டுல ரெண்டு மாப்பிள்ளைக்கும் விருந்தோ?" என்று ஹெட் கிளார்க் கேட்டார். ஆபீஸே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "எதுக்குட்டி அது?"

அவள் நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை. "தாலி அறுத்த அன்னைக்கு என் மேல இருந்த பூவெல்லாத்தையும் பிடுங்குனாக. அந்த வருசம் பாளையங்கோட்டைக்குக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தாக. ஒரு துரைசாணி வந்து எங்க எல்லாருக்கும் இந்தப் பூவைக் குத்திவிட்டா. அறுதலி மேல பூ வைக்கியேன்னு யாரும் அவகிட்ட சொல்லல. பாவிப் பூன்னாக. சரி, நம்ம பாவிக்கு உள்ள பூதானேன்னு நெனச்சேன். வருசத்துல ஒரு நாளு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குதீக."

நம்ம பாவி. செத்தவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், அதில் வசவு எதுவும் இல்லை. ஆனால் அந்த 'நம்ம' என்ற சொல் இருக்கிறதே, அது எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஒரு வருஷம் முழுக்க அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாசுதேவநல்லூர் ஆள் யார் ஆபீசுக்கு வந்தாலும், சங்கரபாண்டியன் எப்படி, உயரமா, பாடுவானா, குடிப்பானா என்று கேட்க வாய் வரும். கௌரவம் தடுக்கும். லாரி போகும் சத்தம் கேட்டால் அவள் தலை நிமிர்கிறதா என்று பார்ப்பேன். மீசைகூட வளர்த்துப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த பூனை மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவனுக்கு நல்ல மீசை இருந்திருக்கும் என்று அதற்கும் புழுங்கினேன்.

மறு வருஷம் ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. இனிமேல் அந்தப் பெட்டி வராது என்று எனக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம். ஆனால் பழைய வழக்கம் விடுமா? நவம்பர் முதல் வாரத்திலேயே பெட்டி வந்து இறங்கியது. அன்றைக்கே டீக்கடையில் சத்தம். சுதந்திர நாட்டில் இன்னும் வெள்ளைக்காரன் பூவா என்று வாலிபர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமான கோபம். அதில் குளிர்காய்ந்தவன் நான்.

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தேரடிக்குப் போனேன். நடுவில் வைத்து, "இந்த அடிமைப் பூ இனி இந்த ஊர்ல ஒருத்தர் நெஞ்சிலயும் ஏறக் கூடாது!" என்று கத்தினேன். எனக்கு அப்படிப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினேன். காகிதம்தானே, ஒரு நிமிஷத்தில் முடிந்தது. கூட்டம் கை தட்டியது. யாரோ கதர்த் துண்டைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார்கள். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து, "நீரு தியாகிவே" என்றார். தாசில்தார் பயந்துபோய் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பொறாமைக்குத் துண்டு போர்த்தி மரியாதை செய்தது எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

துண்டோடு வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது.

"எல்லாத்தையுமா எரிச்சீக? ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?"

"நாட்டுக்காக எரிச்சேன்" என்றேன்.

முத்துத்தாய் துண்டைப் பார்த்தாள். "நாட்டுக்காகவா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நான் கொண்டுவந்த கனகாம்பரத்தை வாங்கி மாடத்தில் வைத்தாள். அது அங்கேயே வாடியது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அந்த வாரமே தீபாவளி. புதுச் சேலை கட்டினாள், மஞ்சள் பூசினாள், பலகாரம் சுட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தலையில் மட்டும் பூ இல்லை. தெருப் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு, நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று என்னையும் பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுல பூ வேண்டாங்காகளாமே?" என்று சங்கரம்மாள் தேரடியில் பத்துப் பேருக்கு முன்னால் கேட்டாள். அன்றிலிருந்து நான் வடக்கு ரத வீதி வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். தேரடியில் தியாகிப் பட்டம் வாங்கியவனுக்குத் தேரடிப் பக்கம் போக வழியில்லை. அவள் தானாக வாய் திறக்காமல் இருந்தது இரண்டு மாதம். இந்தப் பெண்ணை நான் இழந்துவிட்டேன், வீட்டுக்குள் வைத்துக்கொண்டே இழந்துவிட்டேன் என்று பயந்தேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வலது காலை இழுத்து இழுத்து நடந்தபடி ஓர் ஆள் வந்தார். "சங்கரபாண்டியன் சம்சாரம் இருக்குத வீடு இதுதானா?" என்று கேட்டார். இசக்கிப்பாண்டி வீடு என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் பெயர் நல்லகண்ணு. பட்டாளத்தில் சங்கரபாண்டியனோடு அதே லாரியில் இருந்தவர். மூன்று வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்து, இப்போதுதான் நடமாட முடிந்ததாம். உட்காரச் சொல்லாமல் இருக்க முடியுமா?

முத்துத்தாய் கதவோரம் வந்து நின்றாள். பேச்சு எங்கெங்கோ போய்ப் பூவில் வந்து நின்றது. நான் எரித்த கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை.

"எங்க ரெஜிமென்ட் டாக்டரு ஒருத்தரு இருந்தாரு, அண்ணாச்சி. பேரு வாயில நுழையாது. ஓன்னு ஆரம்பிக்கும். ஓ டாக்டருன்னு கூப்பிடுவோம். அயர்லாந்துன்னு ஒரு நாடு, இங்கிலாந்துக்குப் பக்கத்துலயே இருக்கு. தோலு வெள்ளைதான். ஆனா நம்மளமாதிரி அடிமையாக் கெடந்து, இவங்க பட்டாளத்தைச் சுட்டு வெரட்டி வெளிய வந்தவுக. அவரு அப்பா முந்தின சண்டையில வெள்ளைக்காரப் பட்டாளத்துல இருந்து செத்தவரு. கூடப்பிறந்த அண்ணன் அதே பட்டாளத்தை எதுத்து ஜெயிலுக்குப் போனவன். ஒரே வீடு, பாத்துக்கிடுங்க. அப்பாவுக்குன்னு பூவைக் குத்திக்கிட்டு வீதியில போனா பிடுங்குவாங்களாம். பிடுங்குத கையக் கிழிக்கட்டும்னு பூவுக்குள்ள பிளேடை ஒளிச்சு வச்சுக்கிட்டுப் போவாங்களாம் சில பேரு."

"அட பாவிகளா" என்றாள் முத்துத்தாய். இரண்டு மாதத்தில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு.

"ஒரு தடவை அவரு பூவையும் பிடுங்கிட்டாங்க. அண்ணன்காரன் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டானாம். 'அண்ணன் மேல எனக்கு வருத்தம் இல்ல, அவன் அடிபட்டவன், அவன் சொல்லலாம். ஆனா அன்னைக்குப் பிடுங்கினவன் பக்கத்து வீட்டுக்காரன். ஜெயில் வாசலை மிதிச்சவன் இல்ல. எங்க அப்பா மேல அவனுக்கு வேற ஏதோ பழைய வயித்தெரிச்சல். நாட்டுப் பேரைச் சொல்லித் தீத்துக்கிட்டான். அதுதான் எனக்கு ஆற மாட்டேங்கு'ன்னு ஓ டாக்டர் சொல்லுவாரு."

நல்லகண்ணு என்னைக் குத்திக் காட்டவில்லை. அவருக்கு என்ன தெரியும்? ஆனால் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. காப்பி வாங்கி வருகிறேன் என்று தூக்குச் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காப்பியோடு திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே முத்துத்தாயின் குரல் கேட்டது. எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன், தப்பா நெனைக்கப்பிடாது. அவுக முகம் எப்படி இருக்கும்?"

"என்ன மதினி கேக்குதீக?"

"இருபத்திரண்டு நாளு. ஏறிட்டுப் பாக்க வெக்கம். பொழுதுக்கும் வீடு நெறைய ஆளு. காலு தெரியும், முதுகு தெரியும், சட்டை தெரியும். அடுத்த லீவுல வருவாகள்லா, அப்பப் பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன். போட்டோவையும் மாமியா கண்ணுல காட்டல, அதுவும் போச்சு. கட்டின புருசன் முகம் தெரியலைன்னு வெளிய யாருகிட்ட கேப்பேன்? காறித் துப்ப மாட்டாகளா? முகம் தெரியாம அழக்கூட முடியல, அண்ணாச்சி. அந்தப் பூவைக் குத்திக்கிட்டா மட்டும் ஒரு நாளு அவுகள நெனச்ச மாதிரி இருக்கும். அதையும் எரிச்சுட்டாக."

காப்பிச் செம்பு கையைச் சுட்டது. நான் கீழே வைக்கவில்லை. ஒன்றேகால் வருஷமாக எவனைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ, அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

நல்லகண்ணு முகம் ஒருமாதிரி ஆனது. பிறகு அவர் கண் அவளைத் தாண்டி வாசலுக்கு வந்தது, என் மேல் நின்றது.

"இந்தா நிக்காகள்லா, இவுக சாடைதான் மதினி" என்றார். "அதே நெத்தி. அதே மூக்கு. வரும்போதே எனக்குப் பகீர்னு இருந்துச்சு."

முத்துத்தாய் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நெற்றியில் தொடங்கி, மூக்கு, வாய், மோவாய் என்று, அன்றைக்கு ஆபீஸில் தன் பெயரை எழுதினாளே, அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கண்ணில் அவ்வளவு அன்பு. நான் ஏங்கிக் கிடந்த அன்பு. அது யாருக்கு என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பாதி வழியில் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணாச்சி, நெசமாவே என் சாடையா?"

அவர் நின்றார். "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அவன் நல்ல கறுப்பு. சப்பை மூக்கு. மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு. உங்களுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீக?"

"நான் கடைசியா அவனைப் பாத்தப்ப, முகம்னு ஒண்ணு இல்ல அண்ணாச்சி. மதினி கேட்ட ஒடனே எனக்கு அதுதான் முன்னால வந்து நின்னுச்சு. வாயே வரல. நீங்க செம்போட நின்னீக. நல்லா இருக்குத முகமா ஒண்ணு தெரிஞ்சுது. சொல்லிட்டேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

கறுப்பு, சப்பை மூக்கு, அம்மைத் தழும்பு. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன். இத்தனை நாளாக நான் கேட்கத் தவம் கிடந்த சேதி. போனதும் அவளிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன். தேரடி வழியாகவே போய், சங்கரம்மாளிடம் ஒரு முழம் பூ வாங்கினேன்.

முத்துத்தாய் பூவைக் கையில் வாங்கினாள். மாடத்தில் வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையில் வைத்துக்கொண்டாள். எனக்கு வாய் திறந்தது. "அந்த ஆளு சொன்னது" என்று ஆரம்பித்தேன்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

சொன்னால் அவன் போய்விடுவான். அவள் என்னைப் பார்க்கிற பார்வையும் அவனோடு போய்விடும். எனக்கு அந்தப் பார்வை வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷமாகிவிட்டது, இன்றுவரை நான் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களும் தயவுசெய்து அவளிடம் சொல்ல வேண்டாம்.

அந்தக் காகிதப் பூ எங்கள் ஊருக்கு மறுபடி வரவில்லை. இப்போது டிசம்பரில் கொடி நாள். சட்டையில் குத்தச் சின்னக் கொடி வருகிறது. எல்லாரும் சண்டையில்லாமல் குத்திக்கொள்கிறார்கள். நான்தான் தாம்பாளம் தூக்குகிறேன். முத்துத்தாயும் ஒன்று வாங்குவாள்.

நவம்பர் பதினொன்றாம் தேதி மட்டும், நான் ஆபீசுக்குக் கிளம்புமுன், "கொஞ்சம் உக்காருங்க" என்பாள். முக்காலியை வாசல் வெளிச்சத்தில் போடுவாள். நான் உட்காருவேன். எதிரே தரையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். ஏன் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். குத்துக்கல் மாதிரி நான் உயிரோடு உட்கார்ந்திருக்க, என் முகத்தைப் பார்த்து, செத்தவனுக்காக விக்கி விக்கி அழுதாள். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அவள் அழுது முடிக்கிறவரை முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.